465, 2235, 2465: பழைய அனலாக் ஸ்கோப்களில் எதை வாங்குவது?

வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் மேசை ஒன்றைப் போட்டுக்கொண்டவர்கள் கொஞ்ச நாளிலேயே ஸ்கோப், அதாவது மின்சிக்னலின் வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப், பற்றி ஒரு கேள்வியோடு வருகிறார்கள். "பழைய டெக்ட்ரானிக்ஸ் 465 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. இன்னொருவரிடம் 2465 இருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. 300 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும்போது 100 மெகாஹெர்ட்ஸை ஏன் வாங்க வேண்டும்?"

புதுக் கருவி என்றால் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். பழைய கருவிக்கு அப்படிச் சொல்ல முடியாது. இங்கே பேசப்படும் ஸ்கோப்கள் எல்லாமே முப்பது முதல் ஐம்பது ஆண்டு வயதானவை. இவற்றை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் ஒருநாள் ஏதாவது பழுது வரும். அப்போது உள்ளே போன பாகம் கடையில் கிடைக்குமா, கிடைத்தால் நம் கையால் மாற்ற முடியுமா என்பதுதான் என் முதல் கேள்வி. மெகாஹெர்ட்ஸ் அதற்குப் பிறகு. இந்த வரிசையில் பார்த்தால் பலருக்கும் விடை மாறிவிடும்.

டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தை ஹோவர்ட் வொல்லமும் ஜாக் மர்டாக்கும் 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கினார்கள். முதலில் வந்தவை தள்ளுவண்டியில் வைத்து நகர்த்த வேண்டிய வால்வு ஸ்கோப்கள். கணினி பழுதுபார்க்கும் பொறியாளர்கள் கையில் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் இடத்துக்கே போக வேண்டிய காலம் வந்தபோது, 1960-களின் நடுவில், 453 பிறந்தது. அந்த வழியில் 1972-இல் வந்தது 465. சுழலும் கைப்பிடி, முகப்பை மூடும் உறுதியான மூடி, ப்ரோப் (சுற்றைத் தொட்டு சிக்னலை ஸ்கோப்புக்குக் கொண்டுவரும் கம்பி) வைக்க மேலே ஒரு பை என்று இன்று நாம் பார்க்கும் வடிவம் இந்தக் குடும்பத்துடையது. எச்.பி., பிலிப்ஸ், ஹிட்டாச்சி நிறுவனங்களும் நல்ல ஸ்கோப்கள் செய்தன. நான் டெக்ட்ரானிக்ஸை மட்டும் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதன் பழைய சர்வீஸ் புத்தகங்கள் முழுச் சுற்றுப்படத்தோடும் சுற்று வேலைசெய்யும் விளக்கத்தோடும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. பழுதுபார்க்கப் போகிறவருக்கு அது பாதி வேலை முடிந்த மாதிரி.

## எதை வைத்து எடை போடுவது

பேண்ட்வித். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் என்றால், அந்த அதிர்வெண்ணில் கொடுக்கும் சைன் அலை திரையில் அதன் உண்மையான உயரத்தில் சுமார் 70 சதவீதமாகத் தெரியும் என்று பொருள். சதுர அலை பார்ப்பவர்களுக்கு ஏறும் நேரம், அதாவது சிக்னல் கீழிருந்து மேலே எழ எடுக்கும் நேரம்தான் பயனுள்ள கணக்கு. 0.35-ஐப் பேண்ட்வித்தால் வகுத்தால் ஸ்கோப்பின் ஏறும் நேரம் கிடைக்கும். 20 மெகாஹெர்ட்ஸுக்கு 17.5 நானோவிநாடி, 100-க்கு 3.5, 300-க்குச் சுமார் 1.2. சிக்னலின் ஏறும் நேரம், ஸ்கோப்பின் ஏறும் நேரம் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், திரையில் என்ன தெரியும் என்பது வந்துவிடும்.

5 நானோவிநாடியில் ஏறும் ஒரு லாஜிக் சிக்னலை எடுத்துக்கொள்வோம். 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் அது 18 நானோவிநாடி போலத் தெரியும். அதாவது நாம் பார்ப்பது சிக்னலை அல்ல, ஸ்கோப்பின் சோம்பலை. 100 மெகாஹெர்ட்ஸில் 6.1. 300 மெகாஹெர்ட்ஸில் 5.1. இருபதிலிருந்து நூறுக்கு ஏறும்போது கிடைக்கும் லாபம் மிகப் பெரியது. நூறிலிருந்து முந்நூறுக்கு ஏறும்போது, இத்தகைய வேலைக்கு, ஒரு நானோவிநாடிதான்.

ஸ்வீப்பும் ட்ரிக்கரும். ஒளிப்புள்ளி திரையில் இடமிருந்து வலமாக ஓடுவது ஸ்வீப்; அது சிக்னலின் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று தீர்மானிப்பது ட்ரிக்கர். நீளமான ஒரு துடிப்பு வரிசையின் நடுவில் ஒரே ஒரு விளிம்பை மட்டும் பெரிதாக்கிப் பார்க்க டெலேட் ஸ்வீப் வேண்டும். ஏ ஸ்வீப் ஓடிக்கொண்டிருக்கும்போது, குறித்த நேரம் கழித்து வேகமான பி ஸ்வீப் தொடங்கும். ஏ கோட்டில் பிரகாசமாகத் தெரியும் துண்டைக் குமிழால் நகர்த்தி வேண்டிய இடத்தில் நிறுத்தி, பி-க்கு மாற்றினால் அந்தத் துண்டு திரை முழுவதும் விரியும். இதோடு, செங்குத்து வழியில் சிக்னலைச் சற்றுத் தாமதப்படுத்தும் டிலே லைன் ஒன்று இருக்க வேண்டும். அது இருந்தால்தான் ஸ்வீப்பைத் தொடக்கிவைத்த விளிம்பையே திரையில் பார்க்க முடியும்.

திரை. படக்குழாயின் முடுக்கு மின்னழுத்தம் குறைவாக இருந்தால் வேகமான, அரிதாக வரும் துடிப்புகள் மங்கிப்போகும். படக்குழாய் தேய்ந்திருந்தாலும் அப்படித்தான்.

பழுதுபார்க்கும் வசதி. உள்ளே இருப்பது பொதுச் சந்தைப் பாகமா, அந்த நிறுவனம் தனக்கென்று செய்துகொண்ட ஐசியா?

மின்சாரம், எடை, ப்ரோப். அமெரிக்காவில் 115 வோல்ட்டில் ஓடிய கருவியை இங்கே 230-இல் போடப்போகிறோம். பத்து கிலோ கண்ணாடியும் இரும்பும் கப்பலிலோ லாரியிலோ வர வேண்டும். இவை விளம்பரத்தில் வராத செலவுகள்.

| | 465 | 2235 | 2465 |
|---|---|---|---|
| காலம் | 1972 முதல் | 1980-களின் நடுப்பகுதி | 1980-களின் நடுப்பகுதி |
| பேண்ட்வித் | 100 மெகாஹெர்ட்ஸ் | 100 மெகாஹெர்ட்ஸ் | 300 (2465ஏ: 350, 2465பி: 400) |
| சேனல் | 2 | 2 | 4 (இரண்டு முழுமையானவை) |
| உணர்திறன், திரையின் ஒரு கட்டத்துக்கு | 5 மில்லிவோல்ட் | 2 மில்லிவோல்ட் | 2 மில்லிவோல்ட் |
| மிக வேகமான ஸ்வீப், ஒரு கட்டத்துக்கு | 5 நானோவிநாடி | 5 நானோவிநாடி | 0.5 நானோவிநாடி |
| திரையில் எண்களும் கர்சரும் | இல்லை | இல்லை | உண்டு |
| மின்வழங்கி | மின்மாற்றியோடு லீனியர் | ஸ்விட்சிங் | ஸ்விட்சிங் |
| 230 வோல்ட் | தேர்வுச் சுவிட்ச் | தானாக ஏற்கும் | தேர்வுச் சுவிட்ச் |
| எடை | சுமார் 10–11 கிலோ | சுமார் 6–7 கிலோ | சுமார் 9–10 கிலோ |
| பழுதில் பெரும் அபாயம் | டாண்டலம் கெப்பாசிட்டர், உயர் மின்னழுத்தப் பெருக்கி | மின்வழங்கி | யு800 ஐசி, அளவுத்திருத்த நினைவகம் |

## 465: கையால் சரிசெய்யக்கூடியது

இதன் முகப்பைப் பார்த்துக்கொண்டே ஸ்கோப் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குமிழ், ஒவ்வொரு குமிழுக்கும் ஒரே வேலை. வோல்ட் குமிழின் ஒளி ஊடுருவும் விளிம்புக்குப் பின்னால் குட்டி விளக்குகள் இருக்கின்றன. சாதாரணக் கேபிளைச் செருகினால் ஓர் எண் ஒளிரும். பத்து மடங்கு குறைக்கும் டெக்ட்ரானிக்ஸ் ப்ரோப்பைச் செருகினால் விளக்கு மாறி அடுத்த எண் ஒளிரும். ப்ரோப்பின் செருகியிலுள்ள சிறு ஊசி, ஸ்கோப்பின் பிஎன்சி இணைப்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொடுவதால் இது நடக்கிறது. கணினிச் சிப் எதுவும் இல்லாமல், பத்தால் பெருக்க மறந்துபோகும் பிழையை 1972-இலேயே தீர்த்துவைத்திருக்கிறார்கள்.

டெலேட் ஸ்வீப், பத்துச் சுற்றுச் சுற்றும் தாமதக் குமிழ், ட்ரிக்கருக்கு உயர் அதிர்வெண் தடுப்பும் தாழ் அதிர்வெண் தடுப்பும், எக்ஸ்-ஒய் முறை என்று ஒரு மேசைக்கு வேண்டியவை எல்லாம் உண்டு. பின்னால் வந்த 465பி-யில் ஏ, பி ஸ்வீப் இரண்டையும் ஒரே நேரத்தில் திரையில் பார்க்கலாம். இரண்டில் ஒன்று கிடைத்தால் பி-யை எடுங்கள்.

இதில் மிகச் சாதாரணமாக வரும் பழுது, டாண்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆவது. பெரும்பாலும் கருவி செத்துவிட்டது என்று விற்பவர் நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் ஒரு பொட்டுப் பாகம் உள்ளே மின்சாரம் வழங்கும் வரிசைகளில் ஒன்றைத் தரையோடு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். உறையைக் கழற்றினால் -8, +5, +15, +55, +110 வோல்ட்டுக்கான சோதனைப் புள்ளிகள் கிடைக்கும். கருவியை அணைத்து, கெப்பாசிட்டர்கள் வடிந்த பிறகு, ஒவ்வொரு புள்ளிக்கும் சேசிஸுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஓரிரு ஓம் மட்டும் காட்டும் வரிசையில்தான் குற்றவாளி இருக்கிறது. அந்த வரிசைக்கு வெளியிலிருந்து, மின்னோட்ட வரம்பு வைத்த ஒரு சிறு மின்வழங்கியால், அரை வோல்ட்டுக்குள் மின்சாரம் செலுத்துங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அச்சுத்தடத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போனால், மின்னழுத்தம் குறைந்துகொண்டே வந்து ஷார்ட் ஆன கெப்பாசிட்டரின் காலில் மிகக் குறைவாக நிற்கும். அதை எடுத்துவிட்டுச் சற்றுக் கூடுதல் வோல்ட் தாங்கும் புதியதைப் போட்டால், பல நேரங்களில் திரையில் ஒளிக்கோடு திரும்பிவிடும். பாகத்தின் விலை ஒரு காபிக்கும் வராது.

டிரான்சிஸ்டர்கள் பலவும் சாக்கெட்டில் செருகியவை. கால்கள் கறுத்துத் தொடர்பு விட்டிருந்தால் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகலாம். சந்தேகப்பட்டதை மாற்றிப் பார்க்கவும் சால்டரிங் வேண்டாம். ஒரே ஓர் எச்சரிக்கை: வோல்ட், நேரக் குமிழ்களுக்குப் பின்னால் தங்கமுலாம் பூசிய மெல்லிய விரல் போன்ற தொடர்புகள் இருக்கின்றன. அவற்றை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டால் கருவி முடிந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை இடையில் வைத்து மெதுவாக இழுத்தால் போதும்.

கைவிட வேண்டிய நிலைமைகளும் உண்டு. உயர் மின்னழுத்தப் பெருக்கி போய்விட்டால் புதியது கிடைக்காது; இன்னொரு 465-ஐ உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ட்ரிக்கர் பகுதியிலும் 155 என்று தொடங்கும் டெக்ட்ரானிக்ஸ் சொந்த ஐசிகள் இருக்கின்றன. ஆனால் இந்த மாடல் ஏராளமாக விற்றது. உதிரிக்கு உடைக்க ஒன்று தேடினால் கிடைக்கும்.

இதன் உடன்பிறப்பான 475 அதே 1972-இல் 200 மெகாஹெர்ட்ஸோடும் ஒரு கட்டத்துக்கு 2 மில்லிவோல்ட்டோடும் வந்தது. நல்ல நிலையில் கிடைத்தால் அருமையான கருவி. பழுதானது என்றால் 465-ஐ விடச் சற்றுக் கடினம்.

## 2235: தூக்க எளிது, தொடும்போது கவனம்

நாள்தோறும் மேசையிலிருந்து எடுத்து வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு மூன்று, நான்கு கிலோ குறைவு என்பது பெரிய நிம்மதி. 465-இன் அதே 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஸ்வீப், கூடவே 2 மில்லிவோல்ட் உணர்திறன். தொலைக்காட்சிச் சிக்னலைப் பிடிக்கத் தனி ட்ரிக்கரும் உண்டு. வெளியே சொல்லப்படாத இன்னொரு சௌகரியம், 90 முதல் 250 வோல்ட் வரை தானாக ஏற்றுக்கொள்ளும் மின்வழங்கி. அமெரிக்காவிலிருந்து வந்ததா, ஜெர்மனியிலிருந்து வந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை.

அந்தச் சௌகரியத்துக்கான விலையும் அதே மின்வழங்கியில்தான் இருக்கிறது. 465-இல் மின்மாற்றி மெயினை, அதாவது வீட்டு மின்சாரத்தை, உள்சுற்றிலிருந்து பிரித்துவிடுகிறது. 2235-இல் மெயினை நேராக நேர்மின்னோட்டமாக்கி எடுத்துக்கொள்ளும் பகுதி ஒன்று இருக்கிறது; அங்கே 230 வோல்ட்டில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். தனிமைப்படுத்தும் மின்மாற்றி இல்லாமல் அந்தப் பகுதியில் இன்னொரு ஸ்கோப்பின் ப்ரோப்பை வைக்கவே கூடாது. ஸ்விட்சிங் மின்வழங்கி பழுதுபார்த்துப் பழகாதவர் இந்தக் கருவியில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து.

நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் 2235 ஒன்றை நேரில் பார்த்து வாங்க முடியுமானால், பெரும்பாலோருக்கு இதுவே வசதியானது. 60 மெகாஹெர்ட்ஸ் 2213, 2215 மாடல்களும் இதே தோற்றத்தில் இருக்கும். அவற்றில் 2213-க்கு இரண்டாவது ஸ்வீப் கிடையாது. எண்ணைச் சரியாகப் படித்துவிட்டு விலை பேசுங்கள்.

## 2465: ஆசை காட்டும் கருவி

அனலாக் ஸ்கோப் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை இதில் பார்க்கலாம். 300 மெகாஹெர்ட்ஸில் கூர்மையான கோடு, திரையிலேயே எழுத்தில் தெரியும் அளவீடுகள், நேரத்தையும் மின்னழுத்தத்தையும் கர்சரை நகர்த்திப் படிக்கும் வசதி, உள்ளேயே மாற்றிக்கொள்ளும் 50 ஓம் உள்ளீடு. நான்கு சேனல் என்றாலும் மூன்றாவதும் நான்காவதும் ஒரு கட்டத்துக்கு 0.1, 0.5 வோல்ட் என்ற இரண்டே அளவுகள் கொண்டவை. லாஜிக் சிக்னலுக்கு அது போதும்; அனலாக் சுற்றுக்கு இதை இரண்டு சேனல் கருவியாகவே கணக்கிடுங்கள்.

ஹாம் என்னும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு இது உண்மையிலேயே வேண்டும். 144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டை 465-இல் பார்த்தால் உயரம் குறைந்து தெரியும். 2465-இல் நம்பிப் படிக்கலாம்.

இனி உள்ளே பார்ப்போம். கிடைமட்டப் பெருக்கியாக வேலை செய்யும் யு800 என்ற ஐசி சூடாகி ஓடுவது. அது டெக்ட்ரானிக்ஸ் தனக்கென்று செய்தது. அது போனால் ஒளிக்கோடு கிடைமட்டமாகச் சுருங்கும், அல்லது ஒரு புறம் ஒதுங்கும், அல்லது மறைந்தே போகும். மாற்று, இன்னொரு 2465-இன் வயிற்றிலிருந்துதான். விசிறி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதும், அந்த ஐசிக்கு வெப்பம் தணிக்கும் உலோகத் தகடு பொருத்துவதும் ஆயுளை நீட்டிக்கும் முயற்சிகள். உறுதி எதுவும் தர முடியாது.

இரண்டாவது அபாயம் அளவுத்திருத்த எண்கள், அதாவது திரையில் தெரியும் அளவு சரியாக இருக்கும்படி கருவியைச் சீர்செய்யும் எண்கள். இந்தக் கருவியில் பல திருத்தங்கள் திருகாணியால் செய்யப்படுவதில்லை. எண்களாக நினைவகத்தில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. 2465ஏ-யிலும் தொடக்ககால 2465பி-யிலும் அந்த நினைவகத்தை உயிரோடு வைத்திருப்பது ஒரு லித்தியம் பேட்டரி. பிற்கால 2465பி-யில் பேட்டரி நினைவகச் சிப்புக்குள்ளேயே புதைந்திருக்கிறது. பேட்டரி தீர்ந்துவிட்டால் எண்கள் போய்விடும்; அவற்றை மீண்டும் உண்டாக்கத் தரமான அளவுத்திருத்தக் கருவிகள் வேண்டும், அவற்றின் விலை ஸ்கோப்பின் விலையைத் தாண்டும். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் 2465பி கைக்கு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த எண்களைப் படித்து நகல் எடுத்து வைப்பது. அதே பிற்கால 2465பி-களில் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒட்டியுள்ள சிறிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் கசிந்து செப்புத்தடத்தை அரிக்கும். 400 மெகாஹெர்ட்ஸ் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கப்படும் கருவிக்குள் இந்த மூன்று அபாயங்களும் சேர்ந்தே இருக்கின்றன.

பேட்டரி சார்ந்திராத பழைய 2465 ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் 2465பி-யை விட அதையே நான் பரிந்துரைப்பேன். நூறு மெகாஹெர்ட்ஸ் வித்தியாசம் யாருடைய வீட்டு மேசையிலும் உணரப்படப் போவதில்லை.

## 20 மெகாஹெர்ட்ஸ் போதாதா?

இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்கள் சி.ஆர்.ஓ. என்ற பெயரில் பழகியது பெரும்பாலும் ஹாமெக் எச்.எம்.203 வகையைச் சேர்ந்த 20 மெகாஹெர்ட்ஸ் கருவிகளில்தான். ஆய்வகங்கள் கழித்துக்கட்டும்போது மலிவாக வரும். ஆடியோ பெருக்கி, மின்வழங்கியின் சலசலப்பு, சாதாரண 555 டைமர் சுற்று என்றால் தாராளமாகப் போதும். உள்ளே இருப்பவை பெரும்பாலும் கடையில் கிடைக்கும் பாகங்கள். பாகத்தை இரண்டு முனையில் வைத்தால் அதன் வோல்ட்-மின்னோட்ட வளைவைத் திரையில் வரையும் காம்போனென்ட் டெஸ்டர் அந்தக் குடும்பத்தின் பிற்கால மாடல்களில் உண்டு. பழுதான டயோடைப் பலகையிலிருந்து எடுக்காமலே கண்டுபிடிக்க அது பேருதவி.

டெலேட் ஸ்வீப்பும் டிலே லைனும் இல்லை. படக்குழாய்க்குக் கிடைப்பது 2 கிலோவோல்ட் மட்டும் என்பதால் வேகமான துடிப்பு மங்கலாகத் தெரியும். 16 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோகண்ட்ரோலரின் கடிகாரத்தைப் பார்த்தால் சதுர அலை சைன் போல உருண்டு நிற்கும். சதுர அலைக்கு வடிவம் தரும் அதன் மூன்றாம் ஹார்மானிக்கே (மூன்று மடங்கு அதிர்வெண்) 48 மெகாஹெர்ட்ஸ்.

## விலைப்பட்டியலில் வராதவை

ப்ரோப். 465-க்கும் 2235-க்கும் உள்ளீட்டுக் கொள்ளளவு சுமார் 20 பிகோஃபாரட். 2465-க்குச் சுமார் 15. வாங்கும் ப்ரோப் அந்த அளவுக்குத் திருத்தக்கூடியதா என்று பார்க்க வேண்டும். 300 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் 60 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப்பைப் போட்டால் உங்களிடம் இருப்பது 60 மெகாஹெர்ட்ஸுக்கும் குறைந்த கருவிதான். 2465 வாங்குவோர் அதற்கேற்ற இரண்டு ப்ரோப்களின் விலையையும் கூட்டிக்கொள்ளட்டும். ஒப்பீடே அங்கே மாறும்.

மெயின் ஃபில்டர் கெப்பாசிட்டர். 2235, 2465 இரண்டிலும் மெயின் உள்ளே நுழையும் இடத்தில் உலோகப் பூச்சுக் காகிதக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வயதானால் அவற்றின் மேலுறை விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சும். நாகப்பட்டினத்திலோ யாழ்ப்பாணத்திலோ கடற்காற்றில் வைத்தால் கேட்கவே வேண்டாம். வாழ்நாள் முழுவதும் 115 வோல்ட்டில் இருந்த இந்தப் பாகத்தின்மேல் முதன்முறையாக 230 ஏறும்போது, வெடித்துக் கடும் நாற்றத்தோடு புகை கக்கும். பெரும்பாலும் கருவிக்கு வேறு சேதம் இல்லை; ஆனால் வீட்டார் பயந்துவிடுவார்கள். மின்சாரம் கொடுக்கும் முன்பே எக்ஸ்2 தரம் கொண்ட புதிய ஃபிலிம் கெப்பாசிட்டர்களாக மாற்றிவிடுவதே சரி.

அனுப்பும் செலவு. பத்து கிலோ, உடையும் கண்ணாடி. வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் அனுப்புகூலியும் சுங்கமும் சேர்ந்து கருவியின் விலையை எட்டலாம், தாண்டவும் செய்யலாம். முகப்பு மூடி இல்லாமல் அனுப்பப்படும் கருவியில் குமிழ்களின் தண்டுகள் வளைந்தோ முறிந்தோ வருவது சாதாரணம். உள்ளூரில் நேரில் பார்த்து வாங்கும் 465, கடல்கடந்து வரும் 2465-ஐ விட இந்த ஒரு காரணத்துக்காகவே மேல்.

## டிஜிட்டல் வாங்கினால் என்ன?

கேட்காமல் இருக்க முடியாத கேள்வி. நான்கு சேனல், 12 பிட் கொண்ட புதிய டிஜிட்டல் ஸ்கோப்கள் இன்று ஓரளவு எட்டக்கூடிய விலையில் வருகின்றன; எடையும் இரண்டு கிலோ அளவுதான். ஒரே முறை நடந்துவிட்டு மறையும் நிகழ்வைப் பிடித்து வைக்க, சிப்புகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஐ2சி, எஸ்பிஐ போன்ற தொடர்களைப் படித்துக் காட்ட, படத்தைச் சேமிக்க அதுவே வழி. அனலாக் திரை எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. மைக்ரோகண்ட்ரோலர் வேலையே முழுநேரம் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிட்டு டிஜிட்டல் வாங்குங்கள்.

அனலாக்குக்கு இன்னும் மிச்சமிருக்கும் பலம் இதுதான்: குமிழைத் திருப்பிய கணத்தில் திரை மாறும், மாதிரி எடுப்பது என்ற வேலையே இல்லாததால் பொய் அலைகள் தோன்றா, அடிக்கடி நடப்பது பிரகாசமாகவும் அரிதாக நடப்பது மங்கலாகவும் தெரிவதால், சிக்னலின் நடுக்கத்தைக் கண்ணாலேயே அளந்துவிடலாம். ஆடியோ, அனலாக் வானொலி, மின்வழங்கிகளோடு உழைப்பவருக்கு இது நாள்தோறும் பயன்படும்.

## யாருக்கு எது

சால்டரிங் கம்பி பிடிக்கத் தெரிந்து, பழுதுபார்ப்பதையும் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு 465. அது ஓடாத நிலையில் கிடைத்தாலும் விலை குறைவென்றால் எடுக்கலாம். மேசை சிறியது, கருவியைத் திறக்கும் எண்ணமே இல்லை, நேரில் ஓட்டிப் பார்த்து வாங்க முடியும் என்றால் 2235. வானொலி அதிர்வெண்ணில் உண்மையான தேவை இருந்து, ஒருநாள் அது நின்றுபோனால் அந்தப் பணத்தை இழக்கத் தயார் என்றால் மட்டும் 2465. ஓடாத 2465-ஐ, விற்பவர் "சின்னப் பழுதுதான்" என்று எவ்வளவு சொன்னாலும், வாங்காதீர்கள்.

இடையில் நிற்பவர்களுக்கு, என் தேர்வு 465பி. ட்ரிக்கரும் டெலேட் ஸ்வீப்பும் முழுமையாக இருக்கின்றன, உள்ளே போனால் வழி தெரியும், உதிரி கிடைக்கும்.

## வாங்கும் இடத்தில்

பின்பக்கத் தேர்வுச் சுவிட்ச் 230-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 465, 2465 இரண்டுக்கும் இது பொருந்தும். பல ஆண்டுகள் சும்மா கிடந்த 465 என்றால் ஒரு சீரிஸ் பல்பு (மின்பாதையில் தொடராகச் சேர்த்த பழைய இழை பல்பு) வழியாக மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

ஒளிக்கோடு வந்ததும் அவசரப்படாமல் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். சூடானதும் கோடு மேலோ கீழோ நகர்கிறதா, சுருங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஒளியைக் குறைத்து கோடு முழுவதும் ஒரே கூர்மையில் இருக்கிறதா பாருங்கள். ஒளியை முழுதாகக் கூட்டினால்தான் தெரிகிறது என்றால் படக்குழாய் தேய்ந்திருக்கிறது, அதற்கு மாற்று கிடையாது. முகப்பிலுள்ள அளவுத்திருத்த முனையில் ப்ரோப்பை மாட்டுங்கள். 465-இல் அது சுமார் 1 கிலோஹெர்ட்ஸ், 0.3 வோல்ட் சதுர அலை. அந்த ஒரே சிக்னலை வைத்துக்கொண்டு இரண்டு சேனலையும், வோல்ட் குமிழின் ஒவ்வொரு நிலையையும், நேரக் குமிழின் ஒவ்வொரு நிலையையும் சுற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் மட்டும் கோடு துள்ளினால் அழுக்குத் தொடர்பு. சுத்தம் செய்தால் சரியாகும். பல நிலைகளில் அளவே தவறென்றால் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2465 என்றால் கூடுதலாக ஒன்று: இயக்கும்போது அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். சோதனையில் தோல்வி என்று திரையில் எழுத்து வந்தால், கருவி அதன்பின் எவ்வளவு அழகாக ஓடினாலும், அளவுத்திருத்த எண்கள் அழிந்திருக்கலாம். விற்பவரை அணைத்து இயக்கச் சொல்லி, அந்த முதல் சில விநாடிகள் திரையை நீங்களே பாருங்கள்.